நோவா ஓடவில்லை

மிஸஸ் ஸ்டிக்லண்டின் கடிதம் மே மாதக் கடைசியில் அம்பாலாவுக்கு வந்து சேர்ந்தது. உறையின் மேல் ஜோரி பென்ராஸின் பெயர் இருந்தது. ஜோரிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வழக்கம்போல அது என் கைக்கு வந்தது.

நாங்கள் மூன்று பேர் கூட்டாளிகள். ஜோரி பன்னிரண்டு வயதிலிருந்து கார்ன்வால் தகரச் சுரங்கத்தில் பாறை உடைத்தவன்; சுரங்கத்தை மூடியதும் பட்டாளத்தில் சேர்ந்தான். நோவா ஸ்டிக்லண்ட் டார்செட் பக்கத்து மாட்டுக்காரன். நான் ஆமோஸ் கேட்ச்போல். நாரிச் நகரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மகள் விஷயத்தில் ஒரு தகராறு வந்து, ஊரைவிட்டுக் கிளம்பி, ராணியின் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டேன். ஆறு வருஷம் மூன்று பேரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தோம். இந்தக் கடிதம் வந்தபோது நோவா செத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

எங்களைப் பற்றி கன்டோன்மென்ட் முழுக்கத் தெரியும். காரணம் மிஸ்டர் டன்ஸ்டன். ஊரில் ஒரு செய்தித்தாளில் உதவி ஆசிரியர்; இருபத்திரண்டு வயது; மூக்குக்கண்ணாடி; துறுதுறுவென்று இருப்பார். மாலையில் எங்கள் கேன்டீனுக்கு வந்து பீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு நாங்கள் பேசுவதைக் கேட்பார். அடுத்த வாரம் தாளில் ஒரு கதை வரும். அதில் எப்போதும் மூன்று சிப்பாய்கள்: டூகல், பார்னி, டாரன்ட். டூகல் என்றால் ஜோரி, பார்னி என்றால் நான், டாரன்ட் என்றால் நோவா. ஒரு வாரம் மூவரும் கர்னலின் வாத்தைத் திருடுவார்கள், அடுத்த வாரம் ஒரு கிராமத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவார்கள். பிறகு கதைகளெல்லாம் புத்தகமாக வந்து ரயில் நிலையக் கடைகளில் விற்றன. சர்ச் வாசலில் அதிகாரிகளின் மனைவிமார் எங்களைப் பார்த்து, “இதுல யாரு பார்னி?” என்று கிசுகிசுப்பார்கள். எங்களுக்குப் பெருமைதான்.

ஒவ்வொரு கதையையும் கட்டிலில் உட்கார்ந்து ஜோரிக்கு நான் வாசித்துக் காட்டுவேன். அவன் தொடையில் தட்டிச் சிரிப்பான்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்து கடிதத்தை வாசிக்கத் தொடங்கினேன். மிஸஸ் ஸ்டிக்லண்டும் எழுதத் தெரியாதவள். அவள் சொல்லச் சொல்ல அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதியிருந்தாள்.

“நான் நோவாவோட அம்மா. அவன் எழுதவச்சு அனுப்பின எல்லாக் கடுதாசியிலயும் உங்க பேரு இருக்கும், அதனால உங்களைக் கேக்குறேன். எங்க ஊர்க் கடையில ஒரு புத்தகம் இருக்கு. அதுல வர்ற சிப்பாய்க்கு வேற பேரு. ஆனா இடது சுண்டுவிரல் பாதி இல்ல, மாட்டை வாடி போடின்னு கூப்பிட்டுப் பேசுவான்னு இருக்கு. அது என் நோவாதான்னு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. காலரா வந்ததும் அவன் பயந்து ஓடிட்டான்னும், ஏதோ ஒரு கல்யாணத்துல சாராயம் குடிச்சுட்டு மாலையோட ஆடினான்னும், நீங்க ரெண்டு பேரும் வைக்கோல் வண்டியில ஒளிச்சுக் கூட்டியாந்தீங்கன்னும் எழுதியிருக்கு. எல்லாரும் சிரிக்கிறாங்க. அவன் ஓடினானா? ஓடியிருந்தாலும் அவன் என் புள்ளதான். எனக்கு நெசம் தெரிஞ்சா போதும்.”

கடைசி வரிகளைக் குரல் தாழ்த்தித்தான் வாசித்தேன். ஜோரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஓடினானா? என்னடா சொல்றா இந்த அம்மா? அந்தக் கதையை நீதானே எனக்குப் படிச்ச. டாரன்ட் பின்னாலயே நின்னுட்டான், சீக்காளிக்குத் தண்ணி மொண்டு குடுத்தான்னு படிச்சியே. டன்ஸ்டன் நல்ல புள்ள, நான் சொன்னபடியே எழுதியிருக்கான்னு நான்கூடச் சொன்னேனே.”

நான் கடிதத்தை மடிக்கப் போனேன்.

“ஆமோஸ்.”

“அப்படி எழுதல, ஜோரி. நான்தான் மாத்திப் படிச்சேன்.”

“மாத்தின்னா?”

“நோவாவைப் புதைச்சு அப்ப ஆறு மாசம்கூட ஆகல. நீ ராத்திரியில எழுந்து எழுந்து உக்காந்துக்கிட்டிருந்தே. அந்தக் கதையை உனக்கு எப்படிடா படிக்கிறது? அதான், நீ சொன்னதையே கதை மாதிரி படிச்சேன்.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அப்ப, இத்தனை வருசமா நீ படிச்சதுல எது நெசம், எது நீயா சொன்னதுன்னு எனக்குத் தெரியாது. எங்கம்மா கடுதாசியும் சேத்துத்தான்.”

“டேய், அதெல்லாம் எழுத்து மாறாம...”

“அதையும் நீதான் சொல்ற” என்றான் ஜோரி.

நடந்தது இதுதான். எண்பத்தைந்து ஆகஸ்டில் எங்கள் குடியிருப்பில் காலரா புகுந்தது. பட்டாளத்தைக் கிளப்பி ஊருக்கு வெளியே கூடாரங்களுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். நோயாளிகள் டோலிகளில் பின்னால் வந்தார்கள், காவலுக்கு நோவா. இரண்டாம் நாள் ஒரு டோலியைத் தூக்கி வந்த நான்கு பேரில் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள், இரண்டு பேர் அங்கேயே வாந்தியெடுத்து விழுந்தார்கள். டோலிக்குள் ஹாப்டே என்ற சிப்பாய். வேறு டோலி வரும்வரை இங்கேயே நில் என்று நோவாவிடம் சொல்லிவிட்டு எல்லாரும் நகர்ந்தார்கள். அந்தக் குழப்பத்தில் வேறு டோலி போகவே இல்லை. சாலையோரத்தில் ஒரு கிணறும் ஓர் அரச மரமும். அங்கே நோவா அந்த மூன்று பேரோடும் இரண்டரை நாள் இருந்தான். தண்ணீர் இறைத்தான், அவர்களைக் கழுவினான், ஹாப்டேயும் ஒரு தூக்குக்காரரும் செத்ததும் துணி போர்த்தி மூடினான். மூன்றாம் நாள் சார்ஜென்டிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு ஜோரி தேடிப்போனபோது, நோவாவுக்கே காலையிலிருந்து நோய் கண்டிருந்தது. நிற்க முடியாமல் முழங்காலால் கிணற்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அன்று சாயங்காலம் ஜோரியின் மடியில் போனான். அவனைப் புதைத்தது அந்த அரச மரத்தடியிலேயே. இன்னொரு தூக்குக்காரர், பக்தாவர் என்று பெயர், பிழைத்துக்கொண்டார். பட்டாளத்துப் பதிவேட்டில் ‘காலராவில் மரணம்’ என்று இரண்டே வார்த்தை.

இதையெல்லாம் ஜோரி டன்ஸ்டனிடம் அழுதுகொண்டே சொன்னான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் ஜோரி, “ஆமோஸ், பதில் எழுது” என்றான். நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். “‘நோவா ஓடவில்லை. நான் கூட இருந்தேன். முழுசையும் என் கையால் எழுதி அனுப்புகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.’ அவ்வளவுதான்.”

“உன் கையாலயா?”

“எழுதுடா.”

எழுதிக் கொடுத்தேன். அவன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டாளத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அங்கே கிரெஸ்வெல் என்று ஒரு வாத்தியார், ஒல்லியாக, எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அவரிடம் தாளைக் காட்டி, “இதுல என்ன எழுதியிருக்கு சார்?” என்று கேட்டு, அவன் சொன்னபடிதான் நான் எழுதியிருக்கிறேனா என்று சரிபார்த்த பிறகுதான் தபாலில் போட்டான். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை?

அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் பெயரும் கொடுத்துவிட்டு வந்தான். முப்பத்துநாலு வயது.

ஜூன் மாதத்து அம்பாலா எப்படி இருக்கும் என்று அங்கே கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். பங்கா விசிறிக்கு அடியில் புரண்டு படுக்கக்கூடத் தெம்பிருக்காது. அந்த வெயிலில் ஜோரி தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு தினமும் மைதானத்தைக் கடந்து போவான். அவன் உட்கார்ந்தால் பெஞ்சு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். சிலேட்டுக் குச்சிகளை மூன்று நாளைக்கு ஒரு டஜன் ஒடித்தான்.

“பென்ராஸ், அது குச்சி. உளி இல்லை” என்பார் கிரெஸ்வெல்.

“உளின்னா சொன்ன பேச்சு கேக்கும் சார்.”

பி என்ற எழுத்துக்கும் டி என்ற எழுத்துக்கும் எந்தப் பக்கம் தொப்பை என்பதில் அவன் ஒரு மாதம் திண்டாடினான். நடக்கும்போதும் விரலால் காற்றில் எழுதிக்கொண்டே போவான். ஒருநாள் கரியை எடுத்துக் கட்டிலுக்கு மேலே சுவரில் வரிசையாக எழுதிவைத்து, அதற்காக ஏழு நாள் மூட்டை சுமந்து ஓடும் தண்டனை வாங்கினான். மூட்டையோடு ஓடும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கேன்டீனுக்குப் போவதை விட்டுவிட்டான். சாயங்காலமும் சிலேட்டோடுதான்.

பசங்கள் சும்மா விடுவார்களா? “என்ன பாதிரியாரே, எப்போ பிரசங்கம்?” என்பார்கள். “டூகலு, டன்ஸ்டன் இதையும் கதையா எழுதப்போறாருடா, ‘மாடு படிச்ச பாடம்’னு” என்று ஒருத்தன் சொன்னான். ஜோரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மாடுன்னா என்ன எழுத்துல ஆரம்பிக்கும், சொல்லு பாப்போம்” என்றான். கேட்டவனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கிண்டல் கொஞ்சம் குறைந்தது.

நான் இரண்டு முறை உதவிக்குப் போனேன். “வேணாம்” என்றான், கோபமில்லாமல். மற்றபடி எப்போதும்போல என்னோடு சாப்பிட்டான், பேசினான், என் பூட்ஸுக்கும் சேர்த்துப் பாலிஷ் போட்டான். எழுத்து என்று வந்தால் மட்டும் எனக்கு இடமில்லை.

ஜூலையில் அவனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பி வந்தபோது பாதி எழுத்து மறந்துவிட்டது. தாளை வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தான். இதோடு விட்டுவிடுவான் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். மறுநாள் மதியம் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, தேவாலய அணிவகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, “அந்தப் புத்தகத்தைக் குடு” என்றான். கொடுத்தேன். தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினான். பதினோரு பக்கக் கதை. காலையில் தொடங்கியவன் விளக்கேற்றும் நேரம் வரைக்கும் படித்தான். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு முறை சிரித்தான். “டூகலுக்கு மண்டையில மூளைக்குப் பதிலா கல்லுன்னு எழுதியிருக்கான். இதையும் நீ படிக்கல.”

“இல்ல.”

“இது நெசம்தானே, இதைப் படிச்சிருக்கலாம்.”

பிறகு சிரிக்கவில்லை. முடித்ததும் புத்தகத்தை மூடித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினான். “புதன்கிழமை பாஸ் வாங்கியிருக்கேன். டன்ஸ்டனைப் பாக்கணும். நீயும் வா. ஆனா நீ பேசக்கூடாது.”

செய்தித்தாள் அலுவலகத்தில் டன்ஸ்டன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, விரலெல்லாம் மையாக, அச்சுத் திருத்தத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“ஜோரி! ஆமோஸ்! எங்கய்யா போயிட்டீங்க? கேன்டீன்ல ஆளையே காணோம். உக்காருங்க, பீர் சொல்றேன்.”

“வேணாம் சார்.” ஜோரி புத்தகத்தை மேசைமேல் வைத்தான். “இதைப் படிச்சேன்.”

“யாரு படிச்சுக் காட்டினா, ஆமோஸா?”

“நானே படிச்சேன்.”

டன்ஸ்டன் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று. ஜோரி பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, கல்யாணக் கூட்டத்துக்குள் டாரன்ட் ஓடி ஒளிகிற இடத்தை வார்த்தை வார்த்தையாக வாசித்தான். சுரங்கத்தில் ஏணியில் இறங்குகிறவன் மாதிரி, ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றிப் பார்த்து. டன்ஸ்டனின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஜோரி அதன் பிறகு மிஸஸ் ஸ்டிக்லண்டின் கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது நோவா இல்ல, ஜோரி. அது டாரன்ட். நான் உண்டாக்கின ஆளு. கதைன்னா அப்படித்தான். காலை சாப்பாட்டு மேசையில உக்காந்து காலராவைப் பத்தி யாருய்யா படிப்பாங்க?”

“பாதி விரலு?”

“அது... ஒரு அடையாளத்துக்கு.”

“மாட்டுகிட்ட பேசுறது?”

டன்ஸ்டன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“விரலை நோவாகிட்டேருந்து எடுத்தீங்க. மாட்டுப் பேச்சை அவன்கிட்டேருந்து எடுத்தீங்க. ஓட்டத்தை யாருகிட்டேருந்து சார் எடுத்தீங்க?”

உள்ளே எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. டன்ஸ்டன் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்படுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“என்கிட்டேருந்துதான்” என்றார். “அந்த ஆகஸ்ட்ல, காலரான்னு கேட்ட அன்னிக்கே லீவு எழுதிக் குடுத்துட்டு கசௌலி மலைக்கு ஓடினேன். மூணு வாரம் அங்க டென்னிஸ் ஆடினேன். திரும்பி வந்ததும் நீ நோவாவைப் பத்திச் சொன்ன. அதை அப்படியே எழுத உக்காந்தேன், ஜோரி. சத்தியமா உக்காந்தேன். கை வரல. சிரிப்பா மாத்தினதும் கடகடன்னு வந்துருச்சு.”

“ஓடினது தப்புன்னு நான் சொல்லல சார். உங்க இடத்துல இருந்தா நானும் ஓடியிருப்பேன். உங்க ஓட்டத்தைக் கொண்டுபோய் அவன் தலையில கட்டினீங்க பாருங்க, அதை எடுங்க.”

டன்ஸ்டன் எழுந்து நடந்தார். கண்கள் பளபளத்தன. “நான் உண்மையை எழுதுறேன். அந்தக் கிணறு, அரச மரம், முழங்கால்ல போனது... ஜோரி, இதுவரைக்கும் நான் எழுதினதுலயே பெரிய கதையா வரும். நோவாவோட சொந்தப் பேர்லயே போடுறேன்.”

“வேணாம்.”

“ஏன்யா?”

“நீங்க நல்லா எழுதிடுவீங்க. அதான் வேணாம்.” ஜோரி நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் முறையாக உட்கார்ந்தான். “அந்த அம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. ஓடினான்னு எழுதினது பொய்யி, நான் கட்டினதுன்னு. கையெழுத்துப் போடுங்க. அடுத்த தடவை புத்தகம் அடிக்கிறப்ப அந்தக் கதையை எடுத்துடுங்க.”

“புத்தகம் கல்கத்தாவுல பதிப்பாளர்கிட்ட இருக்கு. கேட்டு எழுதுறேன். எடுப்பாங்கன்னு உறுதி சொல்ல முடியாது.”

“கேளுங்க. இப்ப கடுதாசியை எழுதுங்க.”

டன்ஸ்டன் எழுதினார். வேகமாக, அழகாக எழுதினார். ஜோரி தாளை வாங்கி விரலை வைத்தான். நாங்கள் காத்திருந்தோம். அச்சுத் திருத்தம் கேட்டு ஓர் ஆள் வந்தார்; டன்ஸ்டன் கையைக் காட்டி அவரை நிறுத்திவைத்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“‘ஒருவேளை’” என்று எழுத்துக் கூட்டி வாசித்தான் ஜோரி. “‘உங்கள் மகன் ஒருவேளை ஓடாமலே இருந்திருக்கலாம்.’ இந்த ஒருவேளை இங்க எதுக்கு சார்?”

“நான் நேர்ல பாக்கலையே, ஜோரி.”

“நான் பாத்தேன்.”

டன்ஸ்டன் பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடிக்கப் போனார்.

“அடிச்சா அடியில தெரியும். வேற தாள் எடுங்க.”

மூன்றாவது தாளில்தான் ஜோரிக்குத் திருப்தி வந்தது. மடித்து மார்புப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து, அதிகாரிக்கு வைப்பது போல டன்ஸ்டனுக்கு ஒரு சல்யூட் வைத்தான். படியிறங்கும்போது அவன் அந்தப் பையை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். நான் பேசவில்லை. பேசக்கூடாது என்று சொல்லியிருந்தானே.

அவனுடைய சொந்தக் கடிதத்துக்குப் பதினோரு நாள் பிடித்தது. நான்கு பக்கம். கையைத் தாள்மேல் கவிழ்த்து மறைத்துக்கொண்டு எழுதினான். என்ன எழுதினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினான்.

கல்கத்தாப் பதிப்பாளர் அந்தக் கதையை எடுக்கவில்லை. விற்கிற கதையாம். அடுத்த பதிப்பிலும் டாரன்ட் மாலையோடு ஆடிக்கொண்டுதான் இருந்தான். டன்ஸ்டன் அதற்குப் பிறகு மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதவில்லை. வாசகர்கள் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அவர் காடு, யானை, ஆவி என்று வேறு பக்கம் போய்விட்டார். இரண்டு முறை கேன்டீன் வாசல்வரை வந்து, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். ஜோரியும் கையசைத்தான்.

ஜனவரியில் மிஸஸ் ஸ்டிக்லண்டின் பதில் வந்தது. நல்ல குளிர். ஜோரி போர்வைக்குள் உட்கார்ந்து தானே பிரித்து, தானே படித்தான். நீண்ட நேரம் ஆயிற்று. பிறகு, நான் கேட்காமலே சொன்னான்.

“கடையில எல்லாரையும் கூப்பிட்டு வச்சு, ரெண்டு கடுதாசியையும் டீச்சரம்மா சத்தமா படிச்சாங்களாம். கடைக்காரர் தொப்பியைக் கழட்டிட்டாராம். அந்தப் பக்தாவர் நல்லா இருக்காரான்னு கேக்குறா. நோவா கிடக்கிற இடத்துல நிழல் இருக்கான்னு கேக்குறா.”

“இருக்கே” என்றேன்.

“அதான் எழுதப்போறேன்.”

பலகையை மடியில் வைத்துக்கொண்டு, மைக்கூட்டைத் திறந்து, எழுதத் தொடங்கினான். இரண்டு வரி போயிருக்கும். பேனா நின்றது. அரச மரத்தை எங்கள் பட்டாளத்தில் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள் சொல்வதுபோல ‘பீப்பல்’ என்றுதான் சொல்வோம். அவன் உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். கிரெஸ்வெல் வாத்தியாரின் வீடு மைதானத்துக்கு அந்தப் பக்கம்தான். நூறு காலடிகூட இருக்காது.

“ஆமோஸ், பீப்பலுக்கு எப்படிடா எழுத்துக் கூட்டணும்?”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொன்றாக எழுதினான். மையை ஊதிக் காயவைத்தான். எழுந்து எங்கேயும் போகவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டான்.